மொறுமொறுப்புக்கு எத்தனை நாள் ஆயுள்?

ஐப்பசி மாதத்து இரவொன்றில், கழுகுமலையில் ஏதேனும் ஒரு வீட்டு அடுக்களையில், மூடி வைக்க மறந்துபோன இட்லித் தட்டும், அதன் அருகிலேயே தீபாவளிக்குச் சுட்ட முறுக்குத் தட்டும் விடியும்வரை கிடந்தன என்று வைத்துக்கொள்வோம். காலையில் பார்த்தால், மெத்தென்றிருந்த இட்லி மேல்தோல் காய்ந்து விறைத்திருக்கும். கலகலவென்றிருந்த முறுக்கோ நமத்துப் போயிருக்கும். ஓர் அறைக்குள் நின்ற ஒரே காற்று, ஒன்றிலிருந்து ஈரத்தைப் பறித்து, மற்றொன்றுக்கு ஈரத்தை வழங்கியிருக்கிறது. இந்தப் பாரபட்சத்தை அடிக்கடி கண்டும் நாம் வியப்பதில்லை. தெருக்கோடிக் கடையில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட் வறுவலோ, மூன்று மாதத்துக்கு முன் எங்கோ ஓர் ஆலையில் பொரிக்கப்பட்டதாயினும், கிழித்து வாயிலிட்டால் நொறுங்குகிறது. வீட்டுப் பட்சணத்தின் மேன்மையைப் பேசுகிறவர்களும், பாக்கெட்டின் சௌகரியத்தைப் பேசுகிறவர்களும் தத்தம் கட்சியை நிலைநாட்டப் புறப்படுவதற்கு முன், இந்த நமத்துப்போதல் என்னும் அற்ப விஷயத்தைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நலம். ஏனெனில் இருதரப்பாரின் வழக்கும் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

ஈரம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போகிறது என்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும் சமாதானம். இது பாதி உண்மை. முழு உண்மையென்று கொண்டால் தேன் நம்மைத் திகைக்க வைத்துவிடும். தேனில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கு நீர் இருக்கிறது. ஆயினும் நன்றாக முதிர்ந்த தேன் ஆண்டுக்கணக்கில் இருந்தாலும் பூசணம் பிடிப்பதில்லை. அதே 18 பங்கு ஈரத்தோடு நெல்லை அள்ளிக் குதிரில் கொட்டினால், அது சூடேறிப் பூசணம் பூத்துவிடும். 13, 14 பங்குக்குக் காய்ந்த நெல்லே குதிரில் நிலைத்திருக்கும். அளவு ஒன்றாயிருக்கக் கதி வேறானதற்குக் காரணம், தேனிலுள்ள நீரைச் சர்க்கரை மூலக்கூறுகள் தம்மோடு இறுகப் பிணைத்துக்கொண்டிருக்க, நெல்லில் அதே நீரின் ஒரு பகுதி ஏறக்குறையத் தன்னிச்சையாகத் திரிவதுதான். ஒரு பதார்த்தத்திலுள்ள நீர், ஆவியாக வெளியேறவும் நுண்ணுயிர்களுக்குப் பயன்படவும் எவ்வளவு தூரம் விடுதலை பெற்றிருக்கிறது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அதனை நாம் ‘நீர்ச்சுதந்திரம்’ என்று வழங்கலாம். வாட்டர் ஆக்டிவிட்டி என்று உணவு ஆலைகளில் பேசப்படுவது இதுவே. தூய நீருக்கு அது 1. நீரே இல்லாத வஸ்துவுக்கு 0.

நுண்ணுயிர்கள் மதிப்பது நீரின் அளவையன்று, இந்தச் சுதந்திரத்தையே என்று நிலைநாட்டியவர்களுள் முக்கியமானவர் ஆஸ்திரேலிய விஞ்ஞானி வில்லியம் ஜேம்ஸ் ஸ்காட். உணவை நஞ்சாக்கும் ஒருவகை பாக்டீரியாவை அவர் வெவ்வேறு ஊடகங்களில் வளர்த்துப் பார்த்து, 1953ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார். ஊடகம் பாலாயினும் இறைச்சியாயினும், நீரின் அளவு எவ்வளவாயினும், நீர்ச்சுதந்திரம் ஒரே எல்லைக்குக் கீழே இறங்கியதும் அந்தக் கிருமியின் வளர்ச்சி நின்றுபோயிற்று. பிற்பாடு வந்தவர்கள் இந்த ஏணியின் படிகளை ஒவ்வொன்றாக அளந்தார்கள்: பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.9க்குக் கீழே தழைப்பதில்லை; சாமானியப் பூசணங்கள் 0.7, 0.8 என்ற அளவில் ஓய்கின்றன, 0.6க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் பெருகுவதில்லை. அப்போதே பொரித்தெடுத்த முறுக்கு இந்த ஏணியில் 0.3க்கும் கீழே நிற்கிறது. ஆகவே நமத்துப் போன முறுக்கு உடனே கெட்டுப்போன முறுக்கு ஆகிவிடுவதில்லை என்பதை இங்கேயே சொல்லிவைக்கலாம். தின்பவன் முகம் சுளிக்கத் தொடங்கும் எல்லைக்கும் பூசணம் குடியேறும் எல்லைக்கும் நடுவே கணிசமான இடைவெளி உண்டு.

இந்த அளவுகோலின் அழகு, அது காற்றுக்கும் பொருந்துவதில் இருக்கிறது. வானிலை அறிக்கையில் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 80 என்று சொன்னால், அந்தக் காற்றில் திறந்து கிடக்கும் எந்தப் பண்டமும் நாளடைவில் 0.8 என்ற நீர்ச்சுதந்திரத்தை நோக்கியே நகரும். இட்லி 0.97க்கு மேலிருந்து அதை நோக்கி இறங்குகிறது, முறுக்கு 0.3க்குக் கீழிருந்து அதை நோக்கி ஏறுகிறது. காற்று ஒருவர் பக்கமும் சாயவில்லை. இருவரும் எங்கிருந்து புறப்பட்டார்கள் என்பதே வித்தியாசம். மொறுமொறுப்பான பண்டங்கள் பெரும்பாலும் 0.35க்கும் 0.5க்கும் இடையில் எங்கோ தம் குணத்தை இழந்துவிடுகின்றன. கரிசல் சீமையின் சித்திரைப் பிற்பகல்களில், ஈரப்பதம் அந்த எல்லையை ஒட்டி இறங்கிக் கிடக்கும்போது, தட்டிலுள்ள சேவு பொழுது சாயும்வரை கலகலக்கிறது. ஆனால் நம் முன்னோர் பட்சணப் பண்டிகையான தீபாவளியை அமைத்துக்கொண்டதோ, வடகிழக்குப் பருவமழை இறங்கிக் கரிசல் மண் காலோடு அப்பிக்கொள்ளும் ஐப்பசியில்! மழைக்காலத்தில் வேலையற்ற வயிறு நொறுக்குத் தீனி கேட்கும் என்ற நியாயம் ஒருபுறமிருக்க, முறுக்கின் கட்சியிலிருந்து பார்த்தால் இதைவிடப் பொருத்தமற்ற மாதம் வேறில்லை.

ஈரமானி வாங்கித்தான் காற்றின் ஈரத்தை அறிய வேண்டும் என்பதில்லை. தூய சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐத் தாண்டியதும் தானே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து வரும் கல்லுப்பில் ஒட்டியிருக்கும் மக்னீசியக் குளோரைடு 33ஐத் தாண்டியதுமே கசியத் தொடங்குவதால், அது இன்னும் முன்னதாகவே ஈரிக்கும். இதே குணத்தைத்தான் பரிசோதனைச்சாலைக்காரர்கள் கருவியாக்கிக்கொண்டிருக்கிறார்கள். மூடிய கண்ணாடிச் சாடி ஒன்றில், இனிக் கரையாது என்னும்வரை உப்பிட்ட நீரை வைத்தால், மேலே நிற்கும் காற்று 75இலேயே அசையாமல் நிற்கும். மக்னீசியக் குளோரைடு இட்டால் 33இல் நிற்கும். இப்படி வெவ்வேறு உப்புகளிட்ட சாடிகளில் பண்டத்தைத் தொங்கவிட்டு, எடை மாறாது நிற்கும்வரை நாள்தோறும் நிறுத்துப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றையும் உடைத்துச் சோதித்தே மேலே சொன்ன எல்லைகளைக் கண்டார்கள்.

நீர் எப்படிப் போயிற்று என்பதை அறிய அடுப்புக்குத் திரும்புவோம். எண்ணெயின் உஷ்ணம் 170, 180 பாகை இருக்க, அதில் பிழிந்து விழும் மாவினுள்ளோ, நீர் மிச்சமுள்ளவரை 100 பாகையை ஒட்டித்தான் இருக்கும். வருகிற வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. சலசலவென்று எழும் குமிழிகள் அந்த ஆவியே. சத்தம் அடங்கியதும் முறுக்கு வெந்தது என்று வீட்டுப் பெண்மணிகள் எடுத்துவிடுகிறார்களே, அது நீர் தீர்ந்தது என்பதற்கு அவர்கள் கண்ட மிக நுட்பமான கடிகாரம். ஆவி வெளியேறிய வழிகளெல்லாம் நுண்ணிய துளைகளாகவும், அவற்றைச் சூழ்ந்த மாவு மெல்லிய சுவர்களாகவும் நின்றுவிடுகின்றன. எண்ணெய் உள்ளே புகுவது பொரியும்போதுதான் என்று நாம் எண்ணுகிறோம். உருளைக்கிழங்குச் சீவல்களைச் சாயமிட்ட எண்ணெயில் வெவ்வேறு நேரங்களில் பொரித்துப் பார்த்த ஆராய்ச்சிகள் வேறுவிதமாகச் சொல்லுகின்றன. ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை எண்ணெய்க்கு உள்ளே இடமில்லை. சட்டியிலிருந்து தூக்கி ஆறத் தொடங்கியதும் உள்ளே மிஞ்சிய ஆவி குளிர்ந்து சுருங்க, அந்த வெறுமையை நிரப்ப மேற்பரப்பில் ஒட்டியிருந்த எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. எனவே அரிகரண்டியில் அள்ளியவுடன், சூடு தணியுமுன், நன்றாக உதறி வடியவிடுவது வெறும் சிக்கனமன்று.

நீர் போன மாவு மட்டும் ஏன் நொறுங்க வேண்டும்? இங்கே நாம் பொருள்களின் இரண்டு திடநிலைகளை அறிந்துகொள்ள வேண்டும். கழுகாசலமூர்த்தி கோயிலின் பங்குனி உத்திரத் திருவிழாவில் ஓர் அன்னதானப் பந்தியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நிதானமாக வந்தவர்கள் வரிசை வரிசையாக இலைமுன் அமர்கிறார்கள், மூலக்கூறுகள் இப்படி ஒழுங்காக அடுக்கி அமர்ந்த நிலையே ஸ்படிகம், கற்கண்டு அத்தகையது. திடீரென்று மழை இறங்கி, வெளியிலிருந்த கூட்டமெல்லாம் ஒரே மூச்சில் மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டால், எவருக்கும் வரிசையில் அமர அவகாசமில்லாமல், நின்றவர் நின்றபடியும் திரும்பியவர் திரும்பியபடியும் நெரிசலில் சிக்கி அசைய முடியாது நிற்பார்கள். ஒழுங்கு இல்லை; ஆயினும் அசைவும் இல்லை. இதுவே கண்ணாடி நிலை. சன்னல் கண்ணாடி, கடலை மிட்டாயின் பாகு, நன்கு பொரிந்த முறுக்கின் சுவர் ஆகிய மூன்றும் இந்த வகையைச் சேர்ந்தவை. நெரிசலில் நிற்பவர்களை ஓங்கித் தள்ளினால் விலகிக் கொடுக்க இடமில்லாததால், கூட்டம் ஓரிடத்தில் பிளந்துதான் ஆக வேண்டும். கண்ணாடிநிலைப் பொருள் வளையாமல் உடைவது இதனால்தான். இப்போது சின்னஞ்சிறு பிள்ளைகள் சிலர் கால்களுக்கிடையே புகுந்து புகுந்து வருகிறார்கள் என்றால், பெரியவர்களும் தோளைச் சாய்த்து, அடி பெயர்த்து நகர ஆரம்பித்துவிடுவார்கள். நீர் மூலக்கூறு அந்தப் பிள்ளை. அது புகுந்ததும் கூட்டம் இளகுகிறது. பற்கள் தரும் விசையை முறுக்கு உடைந்து தீர்க்காமல் நெளிந்து வாங்கிக்கொள்கிறது.

உணவுப் பொருள்களை இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டுமென்று 1980களில் ஓயாது வாதாடிய பெருமை, அமெரிக்க உணவு விஞ்ஞானிகளான லூயிஸ் ஸ்லேட், ஹாரி லெவின் இருவரையும் சாரும். பொருளைச் சிறிது சிறிதாகச் சூடேற்றி, ஒவ்வொரு பாகைக்கும் அது எவ்வளவு வெப்பத்தை விழுங்குகிறது என்று கணக்கெடுத்தால், கண்ணாடி இளகும் உஷ்ணத்தில் அந்தப் பசி சட்டென்று ஒரு படி ஏறுவதைக் கருவி காட்டிவிடும். இதில் ஒரு வில்லங்கமும் உண்டு: மாப்பொருளின் கண்ணாடிநிலை முழுவதும் இளகுமுன்பே முறுக்கின் மொறுமொறுப்பு விடைபெற்றுவிடுகிறது. பெருங்கூட்டம் நகருமுன்பே உள்ளுக்குள் நடக்கும் சிறு சிறு அசைவுகள் இதற்குக் காரணமென்று கருதப்படுகிறது. விஞ்ஞானத்தில் அழகான விளக்கங்கள் இப்படி ஓரத்தில் சற்றே பிசிறு தட்டுவதுண்டு.

இந்தக் கோட்பாட்டின் முழு விளையாட்டையும் காண வேண்டுமானால், கழுகுமலையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் போய், 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயைக் கையில் எடுக்க வேண்டும். வெல்லப் பாகு கொதிக்கக் கொதிக்க நீர் குறைகிறது. நீர் குறையக் குறையக் கொதிநிலை ஏறுகிறது. ஆகவே பாகின் உஷ்ணமே அதிலுள்ள நீருக்குக் கணக்குச் சொல்லிவிடும். சர்க்கரைப் பாகு 115 பாகையில் கொதிக்கும்போது அதில் நூற்றுக்கு 13, 15 பங்கு நீர் மிஞ்சியிருக்கும். அது உருட்டுப் பதம், தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருளும். 150 பாகைக்குப் போனால் ஒரே ஒரு பங்குதான் மிச்சம். தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று ஓசை வரும். வெப்பமானியைக் கண்ணால் பாராத மிட்டாய்க்காரர், ஒரு சொட்டுப் பாகைச் சட்டென்று குளிரவைத்து, அது கண்ணாடி ஆகிறதா என்று காதால் சோதிக்கிறார். ஆலைக்கூடத்தில் லட்சக்கணக்கான ரூபாய்க் கருவி செய்யும் பரிசோதனையின் சாரம் இதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்தக் கண்ணாடி மழைக்காலத்தில் பிசுபிசுப்பதற்கும் காரணம் வெல்லத்துக்குள்ளேயே இருக்கிறது. ஈரமற்ற சாதாரணச் சர்க்கரையின் கண்ணாடி 60, 70 பாகை உஷ்ணம் வரை இளகாது. குளுக்கோஸின் கண்ணாடியோ 31 பாகையை ஒட்டியும், பிரக்டோஸினுடையது 5 பாகையை ஒட்டியுமே இளகிவிடும். வெல்லத்தில் இவ்விரண்டும் கலந்திருக்கின்றன. பாகு காயும்போது சர்க்கரையின் ஒரு பகுதி மேலும் இவையாகவே பிளக்கிறது. ஆகவே பழைய வெல்லமும், புளிப்பேறிய வெல்லமும் எவ்வளவு முற்றக் காய்ச்சினாலும் சீக்கிரம் ஒட்டும். கடலையை அரைகுறையாக வறுத்துச் சேர்த்தால், வெளிக்காற்று புகாமல் எவ்வளவு இறுக மூடினாலும், பருப்பிலுள்ள நீரே மெல்ல நகர்ந்து பாகைப் பாழாக்கிவிடும். நமத்த முறுக்கை இளஞ்சூட்டில் காயவைத்து மறுபடி மொறுமொறுப்பாக்கலாம். இளகிய மிட்டாய்க்கு அந்தப் பாக்கியம் இல்லை, ஏனென்றால் அது இளகிக் கிடந்த வேளையில் மூலக்கூறுகள் நகர்ந்து ஸ்படிகமாக அமர்ந்துவிட்டிருக்கும். அதன் பிறகு அது மணல் மணலாகப் பொடியுமேயன்றி ‘டங்’ என்னாது.

ஓசையைப் பற்றி மேலும் ஒன்று. மொறுமொறுப்பு நாவின் சுவை என்று நாம் நினைப்பது முற்றும் சரியன்று. ஆக்ஸ்போர்டில் மாசிமிலியானோ சாம்பினி, சார்லஸ் ஸ்பென்ஸ் என்னும் இருவர் 2004இல் வெளியிட்ட பரிசோதனையில், உருளைக்கிழங்கு வறுவலைக் கடிப்பவர்களின் காதில் ஹெட்போனை மாட்டி, கடிக்கும் ஓசையையே சற்று மாற்றி அவர்களுக்குக் கேட்கச் செய்தார்கள். ஓசையின் கூர்மையான பகுதியை உரப்பாக்கியபோது, அதே வறுவல் புதியதென்றும் மொறுமொறுப்பானதென்றும் தோன்றிற்று. நாலு வருஷம் கழித்து, சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்கென்று கொடுக்கப்படும் இக் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

இனி, பாக்கெட் எப்படி ஒரு பருவத்தைத் தாங்குகிறது என்று பார்ப்போம். நீரைத் தடுப்பது அவ்வளவு கடினமன்று. பொட்டலத்தின் உட்புறம் வெள்ளிபோல் மின்னுகிறதே, மயிரிழையினும் பன்மடங்கு மெல்லியதாய்ப் படியவைத்த அந்த அலுமினியப் பூச்சு, நீராவி, பிராணவாயு, வெளிச்சம் ஆகிய மூன்றையும் பெருமளவு தடுத்துவிடுகிறது. உண்மையான தொல்லை பிராணவாயுவிடமிருந்து வருகிறது. எண்ணெயின் கொழுப்பு அமிலங்களை அது தாக்கத் தாக்க, அவை துண்டு துண்டாக உடைந்து, நாம் சிக்கு வாடை என்று முகம் திருப்பும் ஆவிகளாகின்றன. இதில் ஒரு விசித்திரம் என்னவென்றால், சிறிதளவு நீர் இருந்தால் அது சிக்கேறுவதை மட்டுப்படுத்துகிறது, நீர்ச்சுதந்திரம் 0.2, 0.3க்கும் கீழே போகப் போக, பிராணவாயு எண்ணெயைத் தாக்கும் வேகம் மறுபடி ஏறுகிறது. ஆக, மொறுமொறுப்புக்காக எந்த வறட்சியை நாடுகிறோமோ, அதே வறட்சி அளவு கடந்தால் எண்ணெய்க்குப் பகையாகிவிடுகிறது. இதனாலேயே ஆலைக்காரர்கள் பொட்டலத்திலிருந்து காற்றை விரட்டி நைட்ரஜனை நிரப்புகிறார்கள். சிக்கேறாத ஆனால் உடம்புக்கு அத்தனை உகந்ததல்லாத பாமாயில் போன்ற எண்ணெயைத் தேர்கிறார்கள். சில இடங்களில் டி.பி.எச்.க்யூ. என்ற பிராணவாயு எதிர்ப்பானை, கிலோ எண்ணெய்க்கு 200 மில்லிகிராம் என்ற சட்ட வரம்புக்குள் சேர்க்கிறார்கள். பாக்கெட்டின் நைட்ரஜனைப் பார்த்து அஞ்சுபவர்கள், நாம் விடும் ஒவ்வொரு மூச்சிலும் நூற்றுக்கு 78 பங்கு அதுவே என்பதை நினைத்துக்கொள்ளலாம். அஞ்சவேண்டுமானால் உப்பைப் பார்த்தே அஞ்சலாம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் நிற்கச் சொல்லும் உப்பு, நாம் அறியாமலே இத்தகைய தின்பண்டங்களின் வழியே கடந்துவிடுகிறது.

மேலே சொன்ன ஏற்பாடுகள் எல்லாம் மூன்று நான்கு மாதங்களையும் ஆயிரம் கிலோமீட்டரையும் வெல்வதற்காகவே ஏற்பட்டவை. சனிக்கிழமை பொரித்து வியாழக்கிழமைக்குள் தீர்ந்துபோகும் வீட்டுச் சேவுக்கு, இவற்றில் ஒன்றுமே தேவைப்படவில்லை. அதன் பலம் அதன் அற்பாயுள்தான் என்பது என் அபிப்பிராயம். கரிசல் நாட்டுக் கம்பு இதற்கு நல்ல சாட்சி. கம்பந்தட்டையிலிருந்து வந்த மணி காய்ந்தபடி குலுக்கையில் மாதக்கணக்கில் கிடக்கும். அதையே மாவாக்கி வைத்தால், சில நாள்களில் கசப்பும் வாடையும் ஏறிவிடும். மணியின் கருவில் எண்ணெய் மிகுதி. அந்த எண்ணெயைப் பிளக்கும் லைபேஸ் என்னும் நொதியும் அதே மணியில் வேறிடத்தில் இருக்கிறது. மணி முழுதாயிருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. உரலோ அரவை மில்லோ அவற்றைச் சேர்த்துவைத்துவிடுகிறது. அன்றன்று வேண்டிய கம்பை அன்றன்று இடித்த பாட்டிமார்கள் இந்த நொதியின் பெயரை அறியார். அதன் குணத்தை அறிந்திருந்தார்கள். முன்னதாக வறுத்து இடித்தால் உஷ்ணத்தில் நொதி செயலிழந்து மாவு சற்று நாள் தாங்கும் என்பதும் அவர்கள் கண்டதே. கம்பு முறுக்கு சுட விரும்புவோர் மாவைக் கடையில் வாங்குமுன் அதை அரைத்த தேதியைப் பார்ப்பது நன்று.

வீட்டில் செய்தது என்ற ஒரே காரணத்தால் பண்டம் நல்லதாகிவிடும் என்று சொல்ல விஞ்ஞானம் இடங்கொடுக்கவில்லை. தீபாவளிக்குப் பொரித்த எண்ணெயை வடிகட்டி, கார்த்திகைக்கும் அப்பத்துக்கும் வடைக்கும் திரும்பத் திரும்பக் காய்ச்சினால், ஒவ்வொரு காய்ச்சலிலும் உடைந்த கொழுப்பின் கூறுகள் சேர்ந்துகொண்டே போகும். இவை நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என்று 2018 முதல் இந்தியாவில் விதி இருக்கிறது. கடைக்கும் ஆலைக்கும் ஆய்வாளர் வருவார், நம் அடுக்களைக்கு யாரும் வருவதில்லை. நுரை அடங்காமல் எழுவதும், நிறம் கறுத்துக் கெட்டிப்படுவதும், வழக்கத்துக்கு முன்பே புகை கிளம்புவதும் அந்த எண்ணெய் ஓய்வு கேட்கிறது என்பதற்கு அறிகுறிகள்.

இதைவிடப் பெரிய சோதனை நிலக்கடலையில் இருக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டுபோயின. கொள்ளைநோய் என்று தேடிய மருத்துவர்களுக்குக் கிருமி ஒன்றும் அகப்படவில்லை. மாண்ட பறவைகளெல்லாம் தின்றது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு என்ற பொதுத் துப்பு மட்டுமே அகப்பட்டது. அதைத் தொடர்ந்து போய், ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூசணம் சுரக்கும் அப்ளாடாக்சின் நஞ்சைக் கண்டார்கள். அது கல்லீரலில் புற்று விளைப்பது என்று பிற்பாடு உறுதியாயிற்று. மானாவாரிக் கடலை முற்றும் தறுவாயில் மழை பொய்த்து மண் காய்ந்து சூடேறினால், செடி நலிந்து, இந்தப் பூசணம் நிலத்திலேயே காய்க்குள் நுழைந்துவிடுகிறது; பறித்த கடலையை ஈரம் போகக் காயவைக்காமல் மூட்டை கட்டினால், 0.8க்கு மேற்பட்ட நீர்ச்சுதந்திரத்தில் அங்கும் பெருகுகிறது. நஞ்சை வறுவல் ஓரளவு குறைக்குமேயன்றி முற்றும் அழிக்காது. ஆனால் அது மூட்டை முழுதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. பெரும்பகுதி, சுருங்கியும் நிறம் மாறியும் முளைமுனை கறுத்தும் உள்ள சில பருப்புகளிலேயே குவிந்திருக்கிறது. பெரிய ஆலைகளில் ஒளிக்கற்றையின் முன்னே கடலையை ஓடவிட்டு, நிறம் பிசகியதைக் காற்றால் ஊதித் தள்ளும் இயந்திரம் இருக்கிறது. வீட்டில் அந்த வேலை முறத்துக்கும் கண்ணுக்கும் உரியது: மிட்டாய்க்கு வறுக்குமுன் கடலையை வெளிச்சத்தில் பரப்பிச் சொத்தையைப் பொறுக்கிவிட வேண்டும், வறுத்தபின் தோல் நீக்கும்போது மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும், வாயில் கசந்த பருப்பை விழுங்காமல் துப்பிவிட வேண்டும்.